தொழில் தொடங்க வெப்சைட் முதலில் வேண்டுமா?

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்கள் ஆனதும் பலருக்கும் ஒரு யோசனை வரும். 'இதை வைத்து நாமே ஏதாவது தொழில் தொடங்கினால் என்ன?' என்பதுதான் அது. கணக்கு எழுதித் தருவது, டைப்பிங், டிசைன், மொழிபெயர்ப்பு, டியூஷன், கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று வீட்டை மையமாக வைத்துச் செய்யக்கூடிய சேவைத் தொழில்கள் நிறையவே இருக்கின்றன. யோசனை வந்த மறுநாளே அடுத்த கேள்வியும் வந்துவிடும். 'முதலில் ஒரு வெப்சைட் ஆரம்பித்துவிட வேண்டாமா?'

நான் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் இன்ஜினியராக இருக்கிறேன். படிப்பை முடித்து ஆறு வருடங்கள் ஆகின்றன. உறவினர்கள், நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. வெப்சைட் செய்யத் தெரிந்தவன் 'ஆமாம், வேண்டும்' என்றுதானே சொல்வான் என்று எதிர்பார்ப்பார்கள். ஆனால் என் பதில் வேறு. முதல் வாடிக்கையாளரைக் கண்டுபிடிக்கும் வேலையை வெப்சைட் பெரும்பாலும் செய்யாது. உங்களைப் பற்றி ஏற்கனவே கேள்விப்பட்ட ஒருவர், 'இவர் யார், நம்பலாமா?' என்று சரிபார்த்துக்கொள்ளத்தான் அது உதவும். இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். இந்த வித்தியாசம் தெரிந்தால் பணமும் மிச்சம், நேரமும் மிச்சம்.

புது வெப்சைட்டுக்கு யார் வருவார்கள்?

வெப்சைட்டைக் கடைக்கு ஒப்பிடுவது வழக்கம். ஒரு சிறிய திருத்தம் வேண்டும். கடை என்றால் அது ஒரு தெருவில் இருக்கும். போகிறவர் வருகிறவர் போர்டைப் பார்ப்பார்கள். புது வெப்சைட்டுக்குத் தெருவே கிடையாது. அதன் முகவரி தெரிந்தவர்கள் வரலாம். அல்லது கூகுள் போன்ற தேடுதளம் காட்டினால் வரலாம். வேறு வழியில் யாரும் தற்செயலாக உள்ளே நுழைய மாட்டார்கள்.

சரி, கூகுள் காட்டுமே என்கிறீர்களா? காட்டும், ஆனால் உடனே அல்ல. தேடல் முடிவுகளில் மேலே வருவதற்காகச் செய்யும் வேலைகளை எஸ்.இ.ஓ. என்பார்கள். அதன் பலன் தெரியப் பொதுவாக நான்கு மாதங்கள் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டியில் சொல்கிறது. முதலிடம் வாங்கித் தருவதாக யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்றும் அதே வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. எனவே 'உங்கள் சைட்டை கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டு வருகிறோம், கியாரண்டி!' என்று போன் வந்தால், பணிவாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வெப்சைட் இல்லாமல் வளர்ந்த சேவைகள்

வெப்சைட் இல்லாமல் தொழிலே நடக்காது என்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, நமக்கெல்லாம் தெரிந்த ஜஸ்ட் டயல். 1996-ல் போனில் விவரம் சொல்லும் சேவையாகத் தொடங்கியது. பிளம்பர் வேண்டுமா, டாக்டர் வேண்டுமா, அந்த நம்பருக்கு போன் செய்தால் விலாசம் சொல்வார்கள். அவர்களுடைய வெப்சைட் வந்தது 2007-ல்தான். முதல் பதினொரு வருடங்கள் போன் நம்பரே அவர்களுடைய முகவரி.

இரண்டாவது, அமெரிக்காவின் கிரெய்க்ஸ்லிஸ்ட். 1995-ல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் என்பவர், ஊரில் நடக்கும் நிகழ்ச்சிகளைத் தன் நண்பர்களுக்கு இமெயிலில் அனுப்பத் தொடங்கினார். அந்த இமெயில் பட்டியல் வளர்ந்து, ஆட்கள் வேலை, வீடு என்று விளம்பரம் போட ஆரம்பித்த பிறகே, 1996-ல், அது வெப்சைட் ஆனது.

'அந்தக் காலத்தில் நெட் வசதி குறைவு, இன்று அப்படியா?' என்று கேட்பது நியாயம்தான். இன்று யாரைக் கேள்விப்பட்டாலும் முதலில் போனில் தேடிப் பார்க்கிறோம். ஆனாலும் ஒன்று மாறவில்லை. முதலில் யாரோ சொல்லிக் கேள்விப்பட வேண்டும், பிறகுதான் தேடிப் பார்ப்பார்கள். அந்த வரிசை இன்றும் அப்படியே இருக்கிறது.

திருப்பூரில் ஒரு கணக்கு

என் பெரியம்மா மகள் திருப்பூரில் இருக்கிறார். பி.காம். படித்தவர். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு. மகன் மூன்றாம் வகுப்பு. சென்ற வருடம் வேலையை விட்டுவிட்டு, சிறிய யூனிட்களுக்கு டாலியில் கணக்கு எழுதித் தரும் தொழிலைத் தொடங்க முடிவு செய்தார். கையில் சீட்டுப் பணம் 60,000 ரூபாய். ஆறு மாதத்துக்குள் மாதம் 12,000 ரூபாயாவது வரவேண்டும், இல்லாவிட்டால் பழைய வேலைக்கே திரும்புவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

ஒரு வெப் டிசைன் நிறுவனம் ஐந்து பக்க வெப்சைட்டுக்கு 35,000 ரூபாய், அதற்குமேல் வருடப் பராமரிப்புக்கு 9,000 ரூபாய் என்று கொட்டேஷன் கொடுத்திருந்தது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் எனக்கு போன் செய்தார்.

"தம்பி, வெப்சைட் இல்லாம போனா நம்மள யாரு மதிப்பாங்க?"

"அக்கா, நீங்க யாருக்குக் கணக்கு எழுதப் போறீங்க?"

"இங்க இருக்கிற ஜாப் ஒர்க் யூனிட்காரங்களுக்குத்தான்."

"அவங்க இப்போ கணக்கு எழுத ஆள் வேணும்னா எப்படித் தேடுறாங்க?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "பக்கத்து யூனிட்ல கேப்பாங்க. இல்லேன்னா ஆடிட்டர் ஆபீஸ்ல கேப்பாங்க."

அவருடைய கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார். திருப்பூர் பனியன் தொழிலில் கட்டிங், தையல், பிரிண்டிங், பேக்கிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சிறு யூனிட்கள் உண்டு. ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ம் தேதி அமலுக்கு வந்தபின் இவர்களுக்கும் மாதாமாதம் கணக்கு வேலை கூடிவிட்டது. மாதாந்திர ரிட்டர்ன் போடுகிறவர்கள் விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள்ளும், வரிக் கணக்கை 20-ம் தேதிக்குள்ளும் கொடுக்க வேண்டும். தாமதமானால் லேட் பீஸ். தேதி நெருங்கும்போது அவர்கள் தேடுவது நம்பகமான ஆளை; பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்பார்கள்.

60,000 ரூபாயில் 35,000 ரூபாயை வெப்சைட்டுக்குக் கொடுத்து, மீதியில் டாலி லைசென்ஸ் வாங்கினால் கையில் ஒன்றும் நிற்காது. வாடிக்கையாளர் வரும்வரை தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டாமா? எனவே வெப்சைட்டைத் தள்ளி வைத்தோம். பதிலாக ஒரு பட்டியல் போட்டோம். பழைய ஆபீஸில் உடன் வேலை செய்தவர்கள், மாமாவின் நண்பர்கள், தெரிந்த ஆடிட்டர் ஆபீஸ், பில் புக் அடித்துக் கொடுக்கும் பிரஸ்காரர் என்று 24 பெயர்கள் வந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் இந்தச் செய்தியை அனுப்பினார்:

"வணக்கம் அண்ணா. நான் இப்போது ஜாப் ஒர்க் யூனிட்களுக்கு டாலியில் கணக்கு எழுதித் தருகிறேன். வாரம் ஒருமுறை நானே வந்து பில்களை வாங்கிக்கொள்வேன். ரிட்டர்னுக்கான விவரங்களை ஒவ்வொரு மாதமும் 8-ம் தேதிக்குள் தயார் செய்து உங்கள் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுவேன். உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது தேவைப்பட்டால் என் நம்பரைக் கொடுங்கள்."

24 பேரில் ஒன்பது பேர் பதில் போட்டார்கள். முதல் மாதத்தில் இரண்டு யூனிட்கள் கிடைத்தன. முதல் யூனிட் யார் மூலம் வந்தது தெரியுமா? அந்த பிரஸ்காரர் மூலம்! புதிதாக யூனிட் தொடங்குகிறவர் பில் புக் அடிக்க அவரிடம்தானே வரவேண்டும்? ஊரில் எந்த யூனிட் புதிது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். உங்கள் தொழிலிலும் இப்படி ஒருவர் இருப்பார். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் ஸ்டேஷனரிக் கடைக்காரர், டியூஷன் என்றால் பள்ளி வேன் டிரைவர். அவர் யார் என்று கண்டுபிடியுங்கள்.

வெப்சைட் இல்லாததால் நஷ்டமே இல்லையா?

இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது மாதத்தில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் மேனேஜர் விசாரித்தார். "வெப்சைட் லிங்க் அனுப்புங்க மேடம்" என்றார். அக்காவிடம் அனுப்ப எதுவும் இல்லை. அவர் மறுபடி பேசவில்லை. மாதம் ஐயாயிரத்துக்குக் குறையாத வேலை அது. இன்னொரு யூனிட் முதலாளியின் மகன் அக்காவின் பெயரை கூகுளில் தேடிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. நல்லவேளையாக, "உங்க ஆபீஸ் எங்க இருக்கு?" என்று போனிலேயே கேட்டுவிட்டார்.

அந்தக் கட்டத்தில்தான் வெப்சைட்டுக்கு நேரம் வந்தது. அதற்குள் வாடிக்கையாளர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது அக்காவுக்கு மனப்பாடம். 'மாதம் எவ்வளவு?', 'எங்கள் கணக்கு வெளியே போகாதே?', 'தேதிக்குள் முடித்துத் தருவீர்களா?', 'வேறு யாருக்குச் செய்கிறீர்கள்?' இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதினார். அதுதான் வெப்சைட். ஒரே பக்கம். கூகுள் சைட்ஸ் என்ற இலவச வசதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து முடித்தோம். டொமைன் பெயருக்கு ஆன செலவு ஆயிரம் ரூபாய்க்குள். முதல் மாதமே செய்திருந்தால் 'எங்கள் நோக்கம், எங்கள் தரம்' என்று யாரும் படிக்காத ஐந்து பக்கங்கள்தான் வந்திருக்கும்.

ஆறாவது மாதம் ஆறு யூனிட்கள், 13,000 ரூபாய் வருமானம். மகன் பள்ளியிலிருந்து வரும்போது அக்கா வீட்டில் இருக்கிறார்.

யாருக்கு வெப்சைட் முதலிலேயே வேண்டும்?

எல்லோருக்கும் ஒரே விதி பொருந்தாது. கீழ்க்கண்டவர்கள் வெப்சைட்டை முதலிலேயே தயார் செய்துவிடுவது நல்லது.

1. வெளியூர், வெளிநாட்டு வாடிக்கையாளர்களை நம்பித் தொழில் செய்பவர்கள். உங்களை நேரில் பார்க்க முடியாதவருக்கு வேறு ஆதாரம் வேண்டும்.

2. டிசைன், போட்டோகிராபி போல, செய்த வேலையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யும் தொழில்கள். இவர்களுக்கும் பத்துப் படங்கள் உள்ள ஒரு பக்கம் போதும்.

3. வெப் டிசைன் செய்பவர்கள். மற்றவர்களுக்கு வெப்சைட் செய்து தருகிறேன் என்பவருக்கே வெப்சைட் இல்லை என்றால் எப்படி?

4. கார்டு மூலம் ஆன்லைனில் பணம் வாங்க நினைப்பவர்கள். பேமெண்ட் கேட்வே கணக்குத் தொடங்கும்போது வெப்சைட் முகவரி கேட்பது வழக்கம். உள்ளூரில் யு.பி.ஐ. மூலம் வாங்கிக்கொள்பவர்களுக்கு இந்தத் தேவை இல்லை.

முதல் மாதம் செய்ய வேண்டியவை

வெப்சைட்டைத் தள்ளி வைப்பதால் சும்மா இருக்கலாம் என்று அர்த்தமில்லை. இதோ, செலவில்லாமல் செய்யக்கூடியவை.

கூகுள் பிசினஸ் புரொபைல்: கூகுள் மேப்பில் உங்கள் தொழிலின் பெயர், போன் நம்பர், நேரம் ஆகியவை தெரியும்படி செய்யும் இலவச வசதி. 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் இருந்தது. ஆபீஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாடிக்கையாளர் இடத்துக்கு நீங்கள் போகிறவராக இருந்தால், வீட்டு முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்தப் பகுதிக்குச் சேவை தருகிறீர்கள் என்று மட்டும் குறிப்பிடலாம். முழுக்க முழுக்க ஆன்லைனில் மட்டும் நடக்கும் தொழிலுக்கு இதில் அனுமதி கிடையாது. தகவல்களைக் கொடுத்ததும் வீடியோ, போன் போன்ற ஏதாவது ஒரு வழியில் உங்களைச் சரிபார்ப்பார்கள். இந்தப் பட்டியலில் யாரை முன்னால் காட்டுவது என்பதற்குத் தேடலோடு உள்ள பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் கூகுள் பார்க்கிறது. தூரமும் கணக்கில் வருவதால், புதிய தொழிலுக்கும் பக்கத்துத் தெருவில் வாய்ப்பு உண்டு. வேலை முடிந்ததும் வாடிக்கையாளரிடம் ஒரு ரிவியூ கேட்டு வாங்குங்கள். பணம் கொடுத்து ரிவியூ வாங்குவது கூகுள் விதிகளுக்கு விரோதமானது.

வாட்ஸ்அப் பிசினஸ்: 2018-ல் வந்த இந்த ஆப்பில் வேலை நேரம், சேவைகளின் பட்டியல் ஆகியவற்றைப் போட்டு வைக்கலாம். ஒரே நம்பரைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் இதிலும் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியாது என்பதால் தொழிலுக்குத் தனி நம்பர் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு குறிப்பு: பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பும் செய்தி, உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே முதல் செய்தியைத் தனித்தனியாகவே அனுப்புங்கள்.

ஒரு பக்க பி.டி.எப்.: என்ன செய்கிறீர்கள், யாருக்கு, எவ்வளவு, எப்போது முடித்துத் தருவீர்கள் என்பதை வேர்டில் ஒரு பக்கம் டைப் செய்து பி.டி.எப். ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். 'லிங்க் அனுப்புங்க' என்று யாராவது கேட்டால் இதையாவது அனுப்பலாம். அந்த ஏற்றுமதி நிறுவனத்துக்குப் பிறகு அக்கா செய்த முதல் வேலை இதுதான்.

டொமைன் மட்டும் உங்கள் பெயரில்

வெப்சைட் பிறகு வரட்டும், டொமைன் பெயரை மட்டும் முன்பே பதிவு செய்து வைக்கலாம். டொமைன் என்பது வெப்சைட்டின் முகவரி. ஹோஸ்டிங் என்பது பக்கங்களை வைத்திருக்கும் இடம். இரண்டையும் தனித்தனியாக வாங்கலாம். டாட் இன் என்று முடியும் பெயர்கள் 2005 முதல் எல்லோருக்கும் எளிதாகக் கிடைக்கின்றன. பதிவு செய்யும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கணக்கு உங்கள் இமெயிலில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து ஏமாறாமல், இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்று பாருங்கள். பாஸ்வேர்டை டிசைனரிடம் மட்டும் விட்டுவைக்காதீர்கள். டிசைனர் போனை எடுக்காவிட்டாலும் உங்கள் முகவரி உங்களிடம் இருக்க வேண்டும்.

இலவசத் தளங்கள் கொடுக்கும் முகவரி ஏன் போதாது? ஒரு காலத்தில் ஜியோசிட்டீஸ் என்ற இலவச வெப்சைட் வசதி உலகம் முழுவதும் பிரபலம். யாஹூ அதை 1999-ல் வாங்கி, 2009-ல் மூடியது. கூகுளும் பிசினஸ் புரொபைலோடு சேர்த்துக் கொடுத்துவந்த இலவச வெப்சைட்களை 2024 மார்ச் மாதம் நிறுத்திவிட்டது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்தவர்கள் மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. சொந்த டொமைன் இருந்தால், ஒரு இடம் மூடினாலும் பக்கங்களை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், முகவரி மாறாது.

எப்போது வெப்சைட்?

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் அடையாளங்கள் இவை: பணம் கொடுத்த வாடிக்கையாளர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும். ஒரே கேள்வியை வேறு வேறு ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். நேரடியாகத் தெரியாத ஒருவர், இன்னொருவர் சொல்லி உங்களுக்கு போன் செய்திருக்க வேண்டும். இந்த மூன்றும் நடந்துவிட்டால் தாமதிக்காதீர்கள், ஒரு பக்க வெப்சைட்டைப் போட்டுவிடுங்கள். செல்போனில் திறந்தால் எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா, போன் நம்பரைத் தொட்டால் அழைப்பு போகிறதா, பிரவுசரில் 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை வராமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை என்றால், பிரவுசரை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். உங்களுக்குத் தெரிந்த 20 பேரின் பெயர்களை எழுதுங்கள். முதல் வாடிக்கையாளரை அறிந்தவர் அந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்பு அதிகம். இன்று மாலையே முதல் ஐந்து பேருக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். வாழ்த்துகள்!